ராஜா சூரன் குடும்பமும் நம் மேடைப் பேச்சும்

கோலசிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணாம் வரை நீண்டு கிடக்கும் தோட்டப்புறங்களில், கோயில் திருவிழா மேடையாயினும் பள்ளி ஆண்டு விழாவாயினும், ஒரு பேச்சு தவறாமல் எழுவதுண்டு. கடாரம் கொண்ட சோழனை மலாய்க்காரரின் பழைய வரலாற்று நூலே ஒப்புக்கொள்கிறது. அந்நூலில் அவன் பெயர் ராஜா சூலான். கோலாலம்பூரின் நடுவே அவன் பெயரால் ஒரு சாலையும் ஓடுகிறது என்பதே அப்பேச்சு. கைதட்டல் கொட்டகையைப் பிளக்கும். பேச்சாளரும் மகிழ்ந்து அடுத்த பொருளுக்குத் தாவிவிடுவார். அந்த நூலை ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்தவர் அவையில் எத்தனை பேர் என்று கேட்டால் மேடையே திகைத்துப் போகும்.

சாலையின் சங்கதியை முதலில் முடித்துவிடலாம். முன்பு வெல்டு சாலை எனப்பட்ட அது, 1869 முதல் 1933 வரை வாழ்ந்த பேராக் அரச குடும்பத்து ராஜா சர் சூலானின் பெயரைத் தாங்குவது. அவருக்கு முன்னும் பேராக் அரச குடும்பத்தில் அப்பெயர் இருந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ‘மிசா மெலாயு’ என்னும் நூலை இயற்றியவரும் ஒரு ராஜா சூலானே. ஆகவே சாலை சோழனுடையதன்று. பெயர் மட்டும் நெடுந்தூரம் பயணம் செய்து வந்திருக்கிறது. அது எவ்வாறு பயணம் செய்தது என்பதுதான் ஆராயத்தக்க பொருள். மேடையோ அதை விட்டுவிட்டுச் சாலையின் பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

பேச்சிற்கு ஆதாரமான நூல் ‘செஜாரா மெலாயு’. ‘சுலாலத்துஸ் சலாத்தீன்’, அதாவது அரசர்களின் வம்சாவளி என்பது அதன் மற்றொரு பெயர். இன்று கிடைக்கும் வடிவத்தின் முகவுரை 1612ஆம் ஆண்டைக் குறிக்கிறது. ஜோகூர் அரசின் பெண்டஹாராவாக, அஃதாவது முதலமைச்சராக இருந்த துன் ஸ்ரீ லானாங் இதைத் தொகுத்தவர் என்பது பெரும்பாலோர் கொள்கை. ஜான் லெய்டன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு, அவர் இறந்து பத்தாண்டு கழித்து 1821-ல் லண்டனில் வெளியாயிற்று. தமிழ்க் குருதியும் கலந்த மரபில் வந்த முன்ஷி அப்துல்லா இதைச் சிங்கப்பூரில் அச்சேற்றினார். படிகள் பல, படிக்குப் படி பெயர்கள் மாறும். சூரன், சூலன், சூலான் என்று ஒலி திரிவதோடு, ஓரிடத்தில் ஒருவனாக நிற்பவன் வேறிடத்தில் பாட்டனும் பேரனுமாகப் பிரிந்துவிடுகிறான். இக்கட்டுரையில் சூரன் என்ற பெயரே ஆளப்படுகிறது.

கதையின் போக்கு இது. மகா அலெக்சாந்தரான இஸ்கந்தர் சுல்கர்னைன் இந்திய நாட்டு மன்னன் கீடா இந்தியை வென்று அவன் மகளை மணக்கிறான். அந்த வழியில் தலைமுறைகள் பல கடந்து, கலிங்க நாட்டில் சூரன் தோன்றுகிறான். இந்த வம்சத்தில் பாரசீகத்தின் நௌஷிர்வானும் பெண் வழியாக வந்து கலக்கிறான். சூரன் கீழ்த்திசை நோக்கிப் புறப்படுகிறான். பேராக் பகுதியில் கங்கா நகரத்தை அழிக்கிறான். ஜோகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கல் கோட்டை கொண்ட நாட்டை வென்று, அதன் அரசன் சூலினைக் கொன்று, அவன் மகள் ஓனாங் கியுவை மணக்கிறான். பிறகு சீனத்தின் மேல் படையெடுக்க எண்ணித் துமாசிக்கில், அதாவது இன்றைய சிங்கப்பூரில், பாளையம் இறங்குகிறான்.

இங்கேதான் நூலாசிரியரின் கை தெரிகிறது. சூரன் வருவதை அறிந்த சீனப் பேரரசன் படை அனுப்பவில்லை. ஒரு கப்பலை அனுப்புகிறான். அதில் துருப்பிடித்த ஊசிகள். காய்த்து நிற்கும் இலந்தை முதலிய மரங்கள். பல் விழுந்த கிழவர்கள். சீனம் எவ்வளவு தூரம் என்று சூரனின் ஆட்கள் கேட்கிறார்கள். ‘புறப்படும்போது நாங்கள் எல்லாரும் சிறுவர்கள், இம்மரங்களை வரும் வழியில் விதை போட்டு வளர்த்தோம், இந்த ஊசிகள் அப்போது கைப்பருமன் இரும்புக் கம்பிகள்’ என்ற பொருள்படக் கிழவர்கள் விடையிறுக்கிறார்கள். உலகை வெல்லப் புறப்பட்டவன் கணக்குப் போட்டுப் பார்த்துத் திரும்பிவிடுகிறான்.

இது ஒரு வெற்றி வரலாறா? நம் மேடை இதை எந்தக் கணக்கில் சேர்க்கிறது? சூரனை இகழாமலே நகைக்க வைக்கிறார் நூலாசிரியர். படையால் தடுக்க முடியாதவனை ஒரு பொய்க்கதை தடுக்கிறது. மெய்யான சோழரோ சீனத்தோடு பகைத்தவரே அல்லர். 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழ நாட்டுத் தூதுக்குழுக்கள் காணிக்கைகளோடு சீன அரசவைக்குச் சென்றதைச் சீனக் குறிப்புகள் கூறுகின்றன. சூரனின் சீனப் படையெடுப்பு வரலாற்றின் நினைவன்று. அது உலகப் பொதுவான ஒரு கதைச் சரக்கு.

உலகப் பொது என்று சொல்வது வெறும் வாய்ச்சொல்லன்று. இதே ஊசிக் கதையின் உடன்பிறப்பு ஒன்று ஐரோப்பாவின் வடகோடியில் கிடைக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட ராக்னர் லோத்புரோக் கதையில், அம்மன்னனின் மக்கள் தெற்கே நாடுகளை அழித்துக்கொண்டு இத்தாலியில் லூனா என்ற ஊர் வரை வருகிறார்கள். அடுத்து உரோமாபுரியைப் பிடிப்பதே அவர்கள் நோக்கம். ஒரு கிழவன் எதிர்ப்படுகிறான். உரோமாபுரி எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள். தன் காலில் தேய்ந்துபோன இரும்புச் செருப்பையும், முதுகில் தொங்கும் அதேபோல் தேய்ந்த மற்றொரு சோடியையும் காட்டி, அங்கிருந்து புறப்படும்போது இவை புதியவை என்கிறான். வீரர்கள் திரும்பிவிடுகிறார்கள். அங்கே இரும்புச் செருப்பு, இங்கே இரும்பு ஊசி. ஐஸ்லாந்தியரும் மலாய்க்காரரும் ஒருவரை ஒருவர் அறிந்தவரல்லர். இரும்பைத் தேய்த்துக் காட்டினால் தூரம் கண்ணுக்குத் தெரியும் என்பதை இருவர்க்கும் எந்தக் கதைசொல்லி கற்றுத் தந்தானோ!

ராக்னர் குடும்பத்தோடு சூரன் குடும்பத்தை ஒப்பிட வேறு காரணங்களும் உண்டு. ராக்னர் நச்சுப் பாம்பைக் கொன்று தோராவை மணந்தவன். சூரன் வழியில் வந்த சாங் சபுர்பாவின் வாள், மினங்கபாவு நாட்டில் சக்திமுனா என்னும் பெரும்பாம்பைத் துண்டாடுகிறது. ராக்னரின் இரண்டாம் மனைவி அஸ்லாக் ஒரு குடியானவன் வீட்டில் கரி பூசிய கோலத்தில் வளர்ந்தவள். கணவன் வேறொரு அரசகுமாரியை நாடும்போதுதான், தான் நாகத்தைக் கொன்ற சிகுர்து மாவீரனின் மகள் என்று வெளியிடுகிறாள். பிறக்கப்போகும் மகனின் கண்ணில் பாம்புக் குறி இருக்கும். அதுவே சான்று என்கிறாள். அப்படியே பிறக்கிறது. நார்வே அரச குடும்பம் அந்த மகன் வழியாகத் தன்னைப் பழைய வீரர் குலத்தோடு இணைத்துக்கொண்டது. தேவையான வேளையில் தேவையான மூதாதை கிடைத்துவிடுகிறான்!

அந்த வீரர் குலக் கதையிலேயே நான்காம் நூற்றாண்டின் கோத்திய மன்னன் எர்மனாரிக், 437-ல் மாண்ட பர்கண்டிய மன்னன் குந்தகார், 453-ல் இறந்த ஹூண மன்னன் அத்தில்லா ஆகிய மூவரும் ஒரே குடும்பச் சண்டையின் பாத்திரங்களாக வருகிறார்கள். மூவரையும் ஒரே தலைமுறையில் நிறுத்திச் சம்பந்தம் கலக்க வைத்தவர் கவிஞர்கள். நம் நூலில் நடப்பதும் இதுவே. கிறிஸ்துவுக்கு 323 ஆண்டு முன் இறந்த அலெக்சாந்தர், ஆறாம் நூற்றாண்டு நௌஷிர்வான், பதினோராம் நூற்றாண்டுச் சோழனின் நிழல், இவர்களெல்லாம் ஒரே குடும்ப மரத்தில் தொங்குகிறார்கள். சூரன் நாடு திரும்பிக் கட்டுகிற மாநகரின் பெயர் பிஜய நகரம். விஜயநகரம் 1336-ல் எழுந்து 1565-ல் தலைக்கோட்டைப் போரோடு வீழ்ந்தது என்பதை உயர்நிலைப் பள்ளி மாணவனும் அறிவான். முதலாம் இராஜேந்திரன் 1044-ல் மறைந்தவன். அவனுக்கு ஏறக்குறைய 300 ஆண்டு பிந்திய நகரத்தை அவன் கட்டினான் என்று மலாக்காத் துறையில் சொல்லப்பட்டிருக்கிறது. சொன்னவர்கள் தம் காலத்தில் கண்டும் கேட்டும் அறிந்த பெருநகரத்தைத் தம் கதையின் பெருமன்னனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

சூரன் கதையில் தமிழர்க்கு மிகவும் நெருக்கமான பகுதி அவன் போர்கள் அல்ல. சீனப் பயணத்தைக் கைவிட்டவன், கடலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறான். உள்ளிருந்தே பூட்டிக்கொள்ளும் கண்ணாடிப் பேழை ஒன்று செய்யப்படுகிறது. பொற்சங்கிலியில் கட்டி அவனை இறக்குகிறார்கள். ஆழியின் அடியில் ஒரு நாடு, அதற்கொரு மன்னன், அவனுக்கொரு மகள், மஹ்தாபுல் பஹ்ரி. சூரன் அவளை மணந்து மூன்று மக்களைப் பெறுகிறான். பின் தன் மேலுலக நாடு அரசனின்றிப் போய்விடுமே என்று எண்ணி, மக்கள் வளர்ந்ததும் மேலே அனுப்பிவைக்கச் சொல்லிவிட்டுக் கடற்குதிரை ஏறிக் கரை சேர்கிறான். நடந்ததைக் கல்லில் எழுதிப் பொன்மணிகளோடு புதைக்கச் செய்கிறான்.

கண்ணாடிப் பேழை அலெக்சாந்தர் கதைகளிலிருந்து வந்தது. அது உலகெங்கும் பரவிய கதை. பேழைக்குள் இருக்கும் மனிதனும், அடியில் அவனுக்காகக் காத்திருக்கும் மணப்பெண்ணும்? மணிமேகலை படித்தவர் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார வேண்டும். புகார்க் கடற்கரைச் சோலையில் நெடுமுடிக்கிள்ளி நாகநாட்டு அரசன் மகள் பீலிவளையைக் கண்டு கூடுகிறான்; ஒரு திங்களில் அவள் சொல்லாமல் மறைகிறாள்; அவள் பெற்ற மகன் கப்பலில் வரும்போது கப்பல் உடைகிறது; பிள்ளையைத் தேடிய துயரில் மன்னன் இந்திர விழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கிறது. பெரும்பாணாற்றுப்படைக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியரோ, நாகபட்டினத்துச் சோழன் ஒருவன் பிலத்தின் வழியே நாகலோகம் புகுந்து நாககன்னியை மணந்த செய்தியைத் தருகிறார். அவர்கள் மகன் தொண்டைக்கொடியை அடையாளமாக அணிந்து, கடல் திரை கொண்டுவந்து சேர்த்தவனாதலால் திரையன் எனப் பெயர் பெற்றான் என்பது அவ்வுரை.

கீழுலகத்து மனைவி, விட்டு வந்த தந்தை, கடல் வழி வரும் மகன், அடையாளச் சின்னம், அவனால் எழும் புதிய அரச குலம் ஆகிய ஐந்தும் தொண்டைமான் கதையில் உண்டு. சூரன் கதையிலும் உண்டு. மலாக்காவுக்கு ஓயாது கப்பல் விட்டவர்கள் சோழமண்டலக் கரையின் வணிகர்கள். இராஜேந்திரனின் போர்ச் செய்தியைக் காட்டிலும் இந்தக் கதைதான் அவர்கள் வாய்வழியே இங்கே இறங்கியிருக்க வேண்டும். இதைக் கல்வெட்டுக் கொண்டு நிறுவ இயலாது. ஆயினும் சூரன் என்ற பெயரின் ஓரெழுத்து ஒற்றுமையைவிட இது உறுதியான உறவு.

ஏனெனில் போர்ச் செய்தியைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 1025-ல் நடந்த படையெடுப்பை இராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி விரிவாகப் பேசுகிறது. சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்ததும், வித்தியாதர தோரணத்தைக் கைக்கொண்டதும், ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம், கடாரம் என்று ஊர் ஊராக வென்றதும் அதில் வரிசையாக உள்ளன. செஜாரா மெலாயு சூரனின் படையெடுப்பைக் கூறும் பகுதியில் கடாரமாகிய கெடா இல்லை. ஸ்ரீவிஜயத்தின் தலைநகராகிய பலெம்பாங்கை அவன் தாக்குவதும் இல்லை. மெய்க்கீர்த்தியில் சூறையாடப்பட்ட இடம் மலாய் நூலில் புனித இடமாகிவிடுகிறது. பலெம்பாங்கின் செகுந்தாங் குன்றில்தான் சூரன் வழித்தோன்றல்களான மூன்று இளைஞர்கள் தோன்றுகிறார்கள். வான் எம்போக், வான் மாலினி என்னும் இரு பெண்கள் மலைநெல் விளைவித்த புனத்தில், அவ்விரவில் நெற்கதிர் பொன்னாகவும் இலை வெள்ளியாகவும் மாறிவிடுகின்றன. பெருங்கதைகளில் உழைக்கும் பெண்களின் வயல் அரச குலத்தின் பிறப்பிடமாவது அருமை. மேடைப் பேச்சாளர்கள் இந்த வயலைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை!

அதனினும் அருமையான இடம் அடுத்து வருகிறது. மூவரில் தலைமகனாகிய சாங் சபுர்பா, பலெம்பாங் தலைவன் டெமாங் லெபார் டாவுனின் மகளைப் பெண் கேட்கிறான். தந்தை ஓர் உடன்படிக்கை கேட்கிறான். குடிகள் எப்பிழை செய்யினும் அரசர் அவர்களைப் பலர் முன் இழிவுபடுத்தி அவமானம் செய்யலாகாது. பிழை பெரிதாயின் முறைப்படி தண்டிக்கலாம். அதற்கு ஈடாகக் குடிகள் அரசர்க்கு ஒருகாலும் துரோகம் செய்யார். இரு திறத்தாரும் சத்தியம் செய்கிறார்கள். ராக்னர் குடும்பத்தில் இப்படி ஒரு பேச்சே இல்லை. அங்கே தந்தையைப் பாம்புக் குழியில் தள்ளிக் கொன்ற ஏல்லா மன்னனை மக்கள் பழிவாங்குவதோடு கதை நிறைவு பெறுகிறது. நம் மனுநீதிச் சோழன் கதையில் நீதி அரசனின் உள்ளத்திலிருந்து வருகிறது. குடிகள் கேட்டு வாங்கவில்லை. இங்கே மகளைக் கொடுக்கும் ஒருவன் அதைக் கேட்டு வாங்குகிறான். தலைமுறை தலைமுறையாக அதட்டலும் வசையும் கேட்டு வேலை செய்த தோட்டத்து மக்கள் முன்னே நின்று பேசுகிறவர், இந்த நூலில் எடுத்துக்காட்ட வேண்டிய பகுதி கங்கா நகரத்தின் அழிவா, இந்த உடன்படிக்கையா?

‘கெலிங்’ என்ற சொல்லையும் இங்கே பேசியாக வேண்டும். இன்று அது நெஞ்சைச் சுடும் வசை. இந்நூலில் அது ஒரு நாட்டின் பெயர். உலகப் பேரரசன் பிறந்த நாட்டின் பெயர். ஆனால் நூல் நம்மவரைத் துதிபாடவும் இல்லை. கெலிங் மன்னன் அனுப்பிய மல்லன் சிங்கப்பூரின் பாடாங்கிடம் தோற்றுப் போகிறான். மலாக்காவின் இறுதிக் காலத்தில் ராஜா முதலியார், நைனா சூரா தேவானா என்னும் இரு வணிகர்கள் வழக்கிட்டு, கையூட்டுக் கொடுத்து, பொய்க்குற்றம் சாட்டி, 1510-ல் பெண்டஹாரா துன் முத்தாகிரின் கொலைக்கே காரணமாகிறார்கள். அடுத்த ஆண்டு மலாக்கா போர்ச்சுகீசியர் கையில் வீழ்ந்தது. முதல் அத்தியாயத்து மாமன்னனை உறவு கொண்டாடுகிறவர்கள் இந்த அத்தியாயத்து வணிகர்களையும் உறவாக ஏற்பார்களா?

அந்தத் துன் முத்தாகிர் யார்? நூலின் நடுவே மணி புரிந்தன் என்றொருவன் வருகிறான். கலிங்க நாட்டு அரசகுமாரன், முஸ்லிம், தந்தைக்குப்பின் உடன்பிறந்தானோடு மனத்தாங்கல் கொண்டு கடலேறியவன். கப்பல் உடைந்து கடலில் விழுந்தவனை ஆலு-ஆலு என்னும் மீன் தாங்கிக் கரை சேர்க்கிறது. தன் வழியினர் அம்மீனை உண்ணலாகாது என்று விதிக்கிறான். மலாக்காவில் ஸ்ரீ நாரா டிராஜாவின் மகளை மணக்கிறான். அந்த வழியில் வந்தவரே துன் முத்தாகிர். சில படிகளின் முகவுரையில் துன் ஸ்ரீ லானாங் தம் பரம்பரையை ஒவ்வொரு பெயராக மேலே அடுக்கிக்கொண்டு போகிறார். அந்த அடுக்கின் உச்சியில் நிற்பவன் இந்த மணி புரிந்தன்தான். அதைச் சொன்ன கையோடு, தம் இனம் மலாய், தம் வேர் செகுந்தாங் குன்று என்றும் எழுதிவிடுகிறார்.

சூரனுக்கு வேண்டிய அளவு புகழ் பாடிய கை, கலிங்கத்திலிருந்து வந்த ஒருவனின் வழிவந்த கை. சூரன் பகுதி அயலார் நம்மைப் பற்றி எழுதிய சான்றிதழ் என்று மேடை எண்ணுகிறது. அவரோ தம் சொந்தப் பாட்டனின் நாட்டுப் பெருமையைத் தம் அரசனின் வம்சத்துக்கு அணியாகப் பூட்டியவர். ராஜேந்திரன் பெயரை இதற்குள் திணித்தால் இந்த நுட்பம் முழுவதும் அடிபட்டுப் போகிறது.

இந்தக் குடும்பக் கதை எவ்வளவு உயிரோடு இருந்தது என்பதற்குக் கோலசிலாங்கூர் மக்கள் தொலைவில் சான்று தேட வேண்டுவதில்லை. பூகிஸ் வீரன் டாயெங் செலாக்கின் மகன் ராஜா லூமுவிடம் படையும் செல்வாக்கும் இருந்தன. ஆயினும் சிலாங்கூரின் முதல் சுல்தானாக முடிசூட, 1766-ல் அவர் நாடியது பேராக் சுல்தான் மாஹ்முட் ஷாவின் அங்கீகாரத்தை. மலாக்காவின் கடைசி சுல்தானின் மகனால் 1528-ல் தொடங்கிய பேராக் அரச குலம், தன்னைச் சாங் சபுர்பாவின் வழி என்று சொல்லிக்கொள்வது. சக்திமுனாவைக் கொன்றதாகச் சொல்லப்படும் வாள் பேராக் அரசச் சின்னங்களுள் ஒன்று. அங்கே முடிசூட்டு விழாவில் ஸ்ரீ நாரா டிராஜா ஓதும் ‘சிரி’ என்னும் வாழ்த்து, உருமாறிய சமஸ்கிருதச் சொற்களால் ஆனது. ஆக, கடலடியில் சூரன் பெற்ற பிள்ளைகளின் பெயரால் வந்த மதிப்பை ஒரு பூகிஸ் வீரரும் தேவை என்று கருதினார்.

சுல்தான் சலேஹூடின் ஆன அந்த ராஜா லூமுவும், அவருக்குப் பின் ஆண்ட இப்ராகிம், முகமது ஆகிய இரு சுல்தான்களும் மலாவாத்திக் குன்றின் மேல் அடக்கமாகியிருக்கிறார்கள். தோட்டப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வது நெடுநாள் வழக்கம். டச்சுக்காரர் பெயர் தாங்கிய கலங்கரை விளக்கமும் பீரங்கிகளும் பார்த்துவிட்டு, குரங்குகளுக்குக் கடலை போட்டுவிட்டுப் பேருந்து ஏறிவிடுகிறார்கள். கல்லறை வாயில் அந்த வழியிலேதான் இருக்கிறது.